பஞ்சம் தந்த சூரிய ஆய்வகம்

கொடைக்கானல் போனால் ஏரியில் படகு விட்டு, தூண்பாறை பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அங்கே மலைமேல் இருக்கும் சூரிய ஆய்வகம் ஏன் வந்தது தெரியுமா? பஞ்சத்தால்!

1876-78ல் சென்னை மாகாணத்தில் மழை பொய்த்து (பெரியவர்கள் சொல்லும் தாது வருஷப் பஞ்சம் இதுதான்) லட்சக்கணக்கானோர் மாண்டனர். சூரியனில் தெரியும் கரும்புள்ளிகள் சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறையும். மழையும் அதையொட்டியே கூடிக் குறைகிறதோ என்று அன்றைய அறிவியலாளர் சிலர் நினைத்தார்கள். பஞ்சத்தை விசாரித்த குழுவும் சூரியனைத் தொடர்ந்து ஆராயச் சொன்னது. (பஞ்சத்திலும் தானியத்தை ஏற்றுமதி செய்த அரசுக்கு, பழியைச் சூரியன்மேல் போடுவது வசதிதானே!) 1899ல் ஆய்வகம் அமைந்தது.

புள்ளிகளை எண்ணி மழையைச் சொல்ல முடியவில்லை. ஆனால் 1909ல் ஜான் எவர்ஷெட் அங்கே வேறொன்றைக் கண்டார். கரும்புள்ளி ஒளியின் நிறமாலைக் கோடுகள் இடம் லேசாக நகர்ந்திருந்தன. புள்ளியின் உள்ளிருந்து வெளிநோக்கி வாயு வினாடிக்குச் சில கிலோமீட்டர் வேகத்தில் பாய்வதே காரணம். எவர்ஷெட் விளைவு என்று இன்றும் பாடநூல்களில் இருப்பது இதுதான்.

அன்று முதல் எடுத்த கண்ணாடித் தட்டுப் படங்கள் இப்போது கணினியில் ஏறிவிட்டன. சூரியனின் நூறாண்டுக் கணக்கு வேண்டுபவர்கள் அவற்றைத்தான் புரட்டுகிறார்கள்.