பாலூர்ப் பண்ணையும் நம்மூர்ப் பலாவும்

நம் சங்கத்து அன்பர்கட்குப் பலாவின் பெருமையை எடுத்தோதப் புகுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலாம். ஆயினும் அப்பலாவின் சரித்திரத்தில் நம்மவருட் பலர் கருத்தூன்றி நோக்காத பகுதியொன்று உண்டு. அது நிகழ்ந்த இடம், பண்ருட்டியினின்று கடலூர் செல்லும் வழியிலுள்ள பாலூர் என்னும் சிற்றூராகும்.

1905-ஆம் வருஷத்தில் அக்காலத்துச் சென்னை இராஜதானிச் சர்க்கார் பாலூரில் விவசாயப் பண்ணையொன்றை ஏற்படுத்தினர். மல்லாட்டை, கரும்பு ஆகிய பயிர்களை ஆராய்தலே அதன் முதல் வேலை. தென்னாற்காடு ஜில்லாவின் செல்வம் அந்நாளில் மல்லாட்டையைப் பெரிதும் நம்பியிருந்தது. மணிலாக்கொட்டை என்று ஏட்டில் எழுதினும், நம் வீட்டுப் பெரியோர் வாயில் அது மல்லாட்டையே. புதுச்சேரியிற் கப்பலேறிப் பிரெஞ்சு தேசத்து மார்சேல் நகரத்து எண்ணெய் ஆலைகட்குச் சென்ற அப்பயிர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் விளைவு குன்றி, சாகுபடியும் சுருங்கிற்று. மொரீஷியஸ் முதலான அயலிடத்து விதைகள் வந்த பின்னரே குடியானவர் தலையெடுத்தனர். பழைய விதையையே நம்பியிருந்தோர் பட்ட பாடு, வயலுக்கும் ஆராய்ச்சி வேண்டும் என்பதை இச்சீமைக்கு உணர்த்திற்று.

பாலூர்ப் பண்ணை பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது நெடுநாள் கழித்தே. 1906-இல் கோயம்புத்தூருக்கு வந்த விவசாயக் கல்லூரி 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாயிற்று. 1981-இல் அரசாங்கத்தின் ஆராய்ச்சி நிலையங்கள் அப்பல்கலைக்கழகத்தின்பாற் சேர்க்கப்பட்டன. பல்கலைக்கழகம் என்றவுடன் 1929-இல் சிதம்பரத்தில் எழுந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நினைப்பதே நம்மவர் வழக்கம். பாலூரில் நம் வாசலண்டையிலேயே மற்றொன்றின் கிளை இருப்பது பலர்க்குத் தோன்றுவதில்லை.

இனிப் பலாவுக்கு வருவோம். பலாக்கொட்டையை நட்டால் தாய் மரத்தின் குணம் மாறாமல் வரும் என்பதற்கு உறுதியில்லை. ஒரு மரத்தின் பூவிற் பிறிதொரு மரத்தின் மகரந்தம் சேர்வதால், தேன்போன்ற சுளையுடைய பழத்தின் கொட்டையிலிருந்து சப்பென்ற பழம் தரும் மரமும் எழக்கூடும். எட்டு வருஷம் தண்ணீர் வார்த்துக் காத்திருந்தவனுக்கு அதன் பின்னரே உண்மை தெரியும்! ஆதலின் நல்ல மரத்தைக் கண்டுபிடித்தலும், அதன் கிளையை எடுத்து ஒட்டுக்கட்டிப் பெருக்குதலுமே வழி. இவ்விரண்டில் முன்னதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர் நம் ஊர்க் குடியானவர்; பின்னதை முறைப்படுத்தி நாடெங்கும் பரப்பியது ஆராய்ச்சி நிலையம். 1992-இல் பாலூர் நிலையம் வெளியிட்ட பாலூர் 1 என்னும் பலா, பண்ருட்டியை அடுத்த பணிக்கன்குப்பத்து நாட்டு மரத்தினின்று தெரிந்தெடுக்கப்பட்டது; ஆண்டில் இரு பருவம் காய்ப்பது. 2007-இல் வந்த பாலூர் 2 பத்திரக்கோட்டை மரத்தின் வழி வந்தது. முந்திரியிலும் இவ்வாறே: விருத்தாசலம் நிலையத்தின் முதல் ரகமாக 1981-இல் வெளியான வி.ஆர்.ஐ. 1 வழிசோதனைப்பாளையத்து மரத்தின் சந்ததி.

இங்கே ஒன்று கூறாமல் இருக்க மனம் ஒப்பவில்லை. ரகத்தின் பெயரில் பாலூர் உண்டு, பணிக்கன்குப்பம் இல்லை. நிலையத்தாரின் உழைப்பை யான் குறைத்துரைக்கவில்லை. பல மரங்களைப் பல்லாண்டு அளந்து, நிறுத்து, சுளையைச் சோதித்து ஒன்றைத் தேர்தல் எளிதன்று. எனினும் எந்தக் கிழவன் தன் கொல்லையில் அம்மரத்தை வெட்டாமல் வைத்திருந்தானோ, அவனுடைய பேரப்பிள்ளைகட்கு அவ்வித்தையின் பயன் திரும்பி வர வேண்டுவது நியாயமன்றோ?

2011-ஆம் வருஷம் டிசம்பர் 30-ஆம் நாள் வீசிய தானே புயலை நம் குடும்பங்களில் மறந்தவர் இலர். பாட்டன் நட்ட பலாவும் முந்திரியும் ஓரிரவு விடிவதற்குள் வேரோடு சாய்ந்தன. அப்போது வேண்டப்பட்டவை நல்ல தாய் மரங்களும், அவற்றினின்று கன்று உண்டாக்கத் தெரிந்த கைகளுமே. ஒட்டுக்கன்று நான்கைந்து வருஷத்தில் காய்க்கும். கொட்டைக்கன்றுக்கு ஏறத்தாழ இரு மடங்கு காலம் செல்லும். ஆகவே ஒட்டுக்கட்டத் தெரிந்தவன் ஒரு குடும்பத்தின் வறுமைக்காலத்தைப் பாதியாகக் குறைக்கின்றான் என்னலாம்.

அத்தொழிலைக் கற்பிக்க இடமில்லாமலும் இல்லை. குடியானவர்க்கும் படிப்பை நிறுத்திய இளைஞர்க்கும் கைப்பயிற்சி அளிக்கும் வேளாண் அறிவியல் நிலையங்களுள் இந்தியா முழுவதற்கும் முதலாவது, 1974-இல் நமக்கண்மையிலுள்ள புதுச்சேரியிலேயே, கோவைப் பல்கலைக்கழகத்தின் ஆதரவில் தோன்றியது. நம் மாவட்டத்துக்குரிய நிலையம் விருத்தாசலத்தில் இருக்கின்றது. பட்டம் பெற்றுச் சென்னையிலும் பெங்களூரிலும் வேலை தேடும் பிள்ளையின் பெயரை ஊரெல்லாம் சொல்லி மகிழும் நாம், நாற்றங்கால் வைத்துக் கன்று விற்றுப் பிழைக்கும் பிள்ளையைப் பற்றி வாய் திறப்பதில்லை. இது நம் வழக்கத்தில் உள்ள குறை; நிலையத்தின் குறையன்று.

அப்பலா பிறந்த பணிக்கன்குப்பத்திலேயே இன்று அண்ணா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பொறியியற் கல்லூரி நடைபெறுகின்றது. இயந்திர நூல் கற்கும் மாணாக்கர் அதன் வாயிலினின்று சிறிது தூரம் நடந்தால் முந்திரி உடைக்கும் பெண்மக்களைக் காணலாம். முந்திரித் தோட்டில் ஊறும் எண்ணெய் தோலைச் சுடுவது; சாம்பலையோ வேறெண்ணெயையோ கையிற் பூசிக்கொண்டு, விரல் கறுத்துத் தோலுரியக் கொட்டை உடைப்போர் நம் தாய்மாரும் தமக்கைமாருமே. உடைக்கும் இயந்திரங்கள் இல்லாமலில்லை. பெரிய ஆலைக்காரர் அவற்றை வாங்குவர்; வீட்டுத் திண்ணையில் மூட்டைக்குக் கூலி பெறுபவள் எங்ஙனம் வாங்குவாள்? பருப்பு நொறுங்காமலும் கை வேகாமலும், ஒருத்தி தன் கூலியைக் கொண்டே வாங்கத்தக்க சிறு கருவியொன்றைச் செய்து தருதல் அக்கல்லூரி மாணாக்கர்க்கு ஏற்ற பரீட்சையாகும். சுளையைக் கெடாமல் உலர்த்துதலும் அத்தகையதே. பருவத்தில் விலை வீழ்ந்து மண்டியிற் குவியும் பழத்தை நாம் ஆண்டுதோறும் கண்ணாற் காண்கின்றோம்.

நம் சங்கத்துப் பிள்ளைகள் சிலரேனும் அக்கல்லூரியிற் பயில்வர். வருகின்ற விடுமுறையில் அவர்களை ஒருநாள் பாலூருக்கும், மறுநாள் தம் வீட்டுத் திண்ணையில் முந்திரி உடைக்குமிடத்துக்கும் பெற்றோர் அழைத்துச் செல்வாராக. இரண்டாம் நாள், பிள்ளையும் ஒரு படி கொட்டையைத் தன் கையால் உடைத்துப் பார்க்கட்டும்.