தீயரணும் வீட்டுக் கணினியும்: சுபாங் ஜெயா கண்ட காவல் வரலாறு

சுபாங் ஜெயாவின் வரிசை வீடுகளைத் தெருவில் நின்று நோக்குவோர், இரு வீடுகளுக்கும் பொதுவாகிய சுவர் சிற்சில இடங்களில் கூரையையும் கடந்து சற்றே மேலெழுந்து நிற்பதைக் காணலாம். அஃது அழகு கருதி எழுந்ததன்று. ஒரு வீட்டிற் பற்றிய நெருப்பு அடுத்த வீட்டுக் கூரைக்குத் தாவாதிருத்தற்பொருட்டு எழுந்தது. இத்தகைய சுவருக்கு ஆங்கிலேயர் இட்ட பெயரையே 1980களின் இறுதியில் கணினி வலையமைப்புத் துறையினர் கடன் கொண்டனர். ஃபயர்வால் என்னும் சொல்லைக் கேட்பவர்க்கு இன்று செங்கல் நினைவுக்கு வருவதில்லை.

தமிழில் தீச்சுவர் என்றும் தீயரண் என்றும் இருவகை வழக்கு நிலவுகின்றது. முன்னது நேர் மொழிபெயர்ப்பு. பின்னதே பொருட்பொருத்தம் உடையது. சுவருக்கு வாயில் வேண்டுவதில்லை. அரணுக்கு வாயிலும் வாயில்காப்போனும் வேண்டும். கணினியின் அரணோ போவது வருவது அனைத்தையும் தடுப்பதன்று. இன்னது புகலாம், இன்னது புகலாகாது என்று விதிப்படி ஆராய்ந்து விடுப்பது. தீயரண் என்பதைத் தீயினின்று காக்கும் அரண் என ஐந்தாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகையாக விரித்தல் வேண்டும். விரிக்கத் தெரியாத மாணவன் தீய அரண் எனக் கொண்டு மயங்கினால் அவனைக் குறை கூறுவதற்கில்லை.

புறத்திணை பயின்றோர்க்கு இவ்விடத்தில் மற்றொன்றும் தோன்றும். மதிலை வளைத்தல் உழிஞை, மதிலைக் காத்தல் நொச்சி என்று புறப்பொருள் வெண்பாமாலை வேறுபிரிக்கும். தொல்காப்பியரோ இரண்டையும் உழிஞை என்னும் ஒரே திணையுள் அடக்கினார். கணினி உலகுக்குத் தொல்காப்பியர் பகுப்பே பொருந்துகின்றது. தாக்குவோனும் காப்போனும் ஒரே ஓட்டையைத்தான் தேடுகின்றனர். முந்துபவன் எவன் என்பதே வேறுபாடு.

சுபாங் ஜெயா நகரம் சீஃபீல்டு தோட்டத்தின் மீது எழுந்தது. பால்மரங்களுக்கிடையே தமிழ்த் தொழிலாளர் வாழ்ந்த அந்நிலத்தில் 1976இல் வீடமைப்புத் தொடங்கிற்று. தோட்டத்துப் பெயர் இன்றும் அங்குள்ள தமிழ்ப்பள்ளியின் பெயரில் நிலைத்திருக்கின்றது. தோட்ட வாழ்க்கையில் வருவோர் போவோரை ஜாகா பார்த்துக்கொண்டான். நகர வாழ்க்கையில், அதிலும் மேசைமீது கணினி வந்தபின், ஜாகாவை வீட்டுக்காரரே தேர்ந்தமர்த்தும் நிலை வந்தது.

முதற்காலத்துப் பகைவன் நெகிழ்வட்டில் வந்தான். 1986இல் லாகூரில் அல்வி உடன்பிறந்தார் இருவர் இயற்றிய ‘பிரெயின்’, ஐபிஎம் வகைக் கணினிகளைப் பற்றிய முதல் நச்சுநிரல் எனக் கூறப்படுகின்றது. தம் மென்பொருளைக் களவாகப் படியெடுப்போரைக் கண்டுகொள்ளவே அதனை எழுதியதாக அவர்கள் கூறினர். தம் பெயரையும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அதனுள் பொறித்தும் வைத்தனர்! கள்ளப்படிக்கும் நச்சுநிரலுக்கும் உள்ள உறவு இவ்வாறு பிறப்பிலேயே அமைந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் 1990களில் மலிவு விலைக்குக் கிடைத்த கள்ளத் தட்டுகளை வாங்கியோர் இவ்வுறவை அறிந்திலர். நச்சுத்தடுப்பு மென்பொருளையே கள்ளப்படியாக வாங்கியவர்களும் உண்டு. திருடனிடமே பூட்டு வாங்கியதற்கு அஃது ஒப்பு.

அக்காலத் தடுப்பு முறை எளியது. அறியப்பட்ட ஒவ்வொரு நச்சுநிரலுக்கும் ஓர் அடையாளக் குறிப்பு உண்டு; கோப்புகளை அக்குறிப்புகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே காவலனின் பணி. ஆதலால் குறிப்பேடு பழையதாயின் காவலன் குருடன். ஒரே கணினியில் இரண்டு தடுப்பு மென்பொருள்களை நிறுவுதல் கூடாதென்பதற்கும் காரணம் உண்டு. இரண்டும் ஒரே கோப்பை ஒரே வேளையிற் பற்றி இழுக்கும்; ஒன்றன் குறிப்பேட்டை மற்றது நஞ்செனக் கொள்ளுதலும் நேர்ந்திருக்கின்றது.

1996இல் மலேசியா பல்லூடகப் பெருவழித் திட்டத்தை மேற்கொண்டது. 1997இல் கணினிக் குற்றச் சட்டம் இயற்றப்பட்டது. கணினி இடர்களுக்கு உதவும் மைசெர்ட் என்னும் அமைப்பும் அவ்வாண்டிலேயே தோன்றியது. சுபாங் ஜெயா நகராண்மைக் கழகம் பிறந்ததும் அதே 1997இல்தான். 2005க்குள் இந்நகரை மின்வழித் தொடர்புடைய சமூகமாக்குவதென எஸ்.ஜே.2005 என்னும் திட்டமும் வகுக்கப்பட்டது. சட்டம் முந்தியதன் அருமை 2000 மே மாதத்தில் விளங்கிற்று. மணிலாவிலிருந்து காதற்கடித வேடத்தில் மின்னஞ்சல் வழியே புறப்பட்ட நச்சுநிரல் உலகெங்கும் பரவியபோது, அதற்கேற்ற சட்டம் பிலிப்பீன்சில் அன்று இன்மையால் ஐயத்துக்குரியவர்மீது வழக்கு நிலைக்கவில்லை.

ஆயினும் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்தது 2003 ஆகஸ்டில் வந்த ‘பிளாஸ்டர்’ என்னும் புழுவே. அதுகாறும், அறியாத கடிதத்தைத் திறவாதிருந்தால் போதும் என்று பலரும் எண்ணியிருந்தனர். பிளாஸ்டருக்கு எவரும் எதனையும் திறக்க வேண்டியதில்லை. கணினி இணையத்தோடு இணைந்திருந்தாலே போதும். திறந்து கிடந்த 135ஆம் எண் வாயில் வழியே தானே புகுந்தது. இன்னும் அறுபது நொடியில் கணினி அணையும் என்னும் அறிவிப்பு திரையில் எழும், பின் அணையும், மீண்டும் ஏற்றினால் மீண்டும் அதே கதை. ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் ஜூலையிலேயே வெளியிட்டிருந்தது. அதனை நிறுவாதவர் பலர். கணினியை ஏற்றித் திருத்தத்தைப் பெற முயன்றால், பெற்று முடியுமுன் புழு புகுந்துவிடும். எந்நேரமும் இணைந்தே இருக்கும் ஸ்ட்ரீமிக்ஸ் அகலப்பட்டைச் சேவை 2001 முதல் மலேசிய வீடுகளுக்கு வரத் தொடங்கியிருந்ததையும் இங்கே எண்ணுதல் தகும். நச்சுத்தடுப்பு வீட்டினுள் திருடனைத் தேடுவது, தீயரண் வாயிலிலேயே மறிப்பது என்னும் வேறுபாட்டை நூல்களைவிட அப்புழுவே தெளிவாகக் கற்பித்தது.

விண்டோஸ் எக்ஸ்பியில் தீயரண் முன்னரே இருந்தது. ஆனால் அணைந்த நிலையில் இருந்தது. 2004 ஆகஸ்டில் வந்த இரண்டாம் திருத்தத் தொகுதியே அதனை இயல்பாகவே இயங்கும்படி செய்தது. அதற்குமுன் ‘சோன்அலார்ம்’ போன்ற இலவசத் தீயரண்களை அறிந்தோர் நிறுவிக்கொண்டனர். 2009இல் மைக்ரோசாஃப்ட் நச்சுத்தடுப்பையும் இலவசமாக்கிற்று. 2012இன் விண்டோஸ் 8 முதல் அது கணினியோடே பிறந்தது. விலைகொடுத்து வாங்கத்தான் வேண்டுமா என்னும் வினா அன்று எழுந்தது, இன்னும் அடங்கவில்லை.

தமிழ் நிலத்திலும் இத்தொழில் வளர்ந்ததென்பதைப் பலர் அறியார். 1991இல் சென்னையில் கேசவர்த்தனன் தொடங்கிய கே7 நிறுவனத்தின் நச்சுத்தடுப்பு ஜப்பானியச் சந்தையிலும் இடம்பெற்றது. இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் நார்ட்டனையும் மக்காஃபியையும் அறிந்த அளவுக்கு அதனை அறிந்ததாகத் தோன்றவில்லை.

தேர்வின் உண்மையான சிக்கல் விலையன்று, நம்பிக்கை. காவலன் காவல் செய்ய வேண்டுமாயின் வீட்டின் எல்லா அறைகளையும் அவனுக்குத் திறந்துவிட வேண்டும். பிராகாவின் அவாஸ்ட் நிறுவனம் தன் மென்பொருளைப் பயன்படுத்தியோரின் உலாவல் விவரங்களைத் தன் துணை நிறுவனம் ஒன்றின் வழியே விற்றமை வெளிப்பட்டு, 2020இல் அத்துணை நிறுவனம் மூடப்பட்டது; அதன்பொருட்டு 2024இல் அமெரிக்க வணிக ஆணையம் 165 இலட்சம் டாலர் செலுத்தச் செய்தது. அதே 2024இல் மாஸ்கோவின் காஸ்பர்ஸ்கி மென்பொருள் விற்பனையை நாட்டுப் பாதுகாப்பைக் காரணங்காட்டி அமெரிக்கா தடுத்தது. திறமையில் குறைந்தது என்பதற்காக அன்று. திறமையை அளக்க ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் சோதனைக் கூடங்கள் உள; நேர்மையை அளக்கும் கூடம் எங்கும் இல்லை.

2010 மார்ச்சில் யூனிஃபை என்னும் ஒளியிழைச் சேவை தொடங்கியபோது, அதனை முதலிற் பெற்ற நான்கு பகுதிகளுள் சுபாங் ஜெயாவும் ஒன்று. அதனோடு வீட்டுக்குள் வந்த சிறு பெட்டியாகிய ரௌட்டர், வெளியிலிருந்து தானே புகமுயலும் இணைப்புகளைப் பெரும்பாலும் கணினி வரை விடுவதில்லை. அரண் கணினியைவிட்டு வெளியேறி வீட்டுச் சுவரில் மாட்டப்பட்டது எனலாம். 2016இல் உலகெங்கும் பரவிய ‘மிராய்’ கணினிகளை நாடவில்லை. கண்காணிப்புக் கேமராக்களையும் இத்தகைய பெட்டிகளையுமே நாடிற்று. அது மதிலைத் துளைக்கவுமில்லை. தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாது விட்ட கருவிகளைத் தேடி, தன்னிடமிருந்த அறுபதை ஒட்டிய கடவுச்சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்து, வாயில் வழியே உள்ளே சென்றது.