எட்டு நிமிஷ டிபரன்ஸ்

போன வாரம், பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் பெண் இயற்பியல் புத்தகத்தோடு வந்தாள். "அப்பா, கோள்கள் நீள்வட்டத்துல சுத்துதுன்னு ஒரு பக்கத்துல போட்டிருக்கு. அடுத்த பக்கத்துக் கணக்குல பாதையை வட்டம்னு வெச்சுக்கச் சொல்றாங்க. எதுப்பா சரி?"

நானோ பி.காம். இருந்தாலும் விடாமல் இரண்டு நாள் படித்துப் பார்த்தேன். பார்த்தால், அது நம்ம பேங்க் கதை மாதிரியே இருக்கிறது!

வானத்தில் எல்லாம் வட்டமாகத்தான் சுற்றும் என்பது கிரேக்கர் காலத்து நம்பிக்கை. 1543-ல் சூரியனை நடுவில் வைத்த கோபர்னிகஸ்கூட வட்டத்தை விடவில்லை. கணக்கு உதைத்தால், பெரிய வட்டத்தின் மேல் ஒரு சின்ன வட்டத்தைச் சேர்த்துச் சரிக்கட்டினார்கள்.

டென்மார்க்கின் டைக்கோ பிராஹே, வென் என்ற தீவில் 1576 முதல் 1597 வரை கோள்களின் இடத்தைக் குறித்து வைத்தார். தொலைநோக்கி வராத காலம், வெறும் கண்தான். ஆனாலும் பிசகு பெரும்பாலும் ஓரிரு நிமிஷத்துக்குள். (இது கடிகார நிமிஷம் இல்லை. ஒரு டிகிரியில் 60-ல் ஒரு பங்கு. முழு நிலாவின் அகலமே சுமார் 30 நிமிஷம்தான்.)

1600-ல் அவரிடம் வேலைக்கு வந்தார் ஜெர்மனியின் கெப்ளர். சிறு வயதில் வந்த அம்மையால் பார்வை மட்டு. கொடுத்த வேலை, செவ்வாயின் பாதையைக் கண்டுபிடிப்பது. மறு வருஷமே டைக்கோ காலமாகிவிட, அடுத்தவர் எழுதிய லெட்ஜரை வைத்துக்கொண்டு கணக்குப் போட வேண்டிய நிலைமை.

எழுபது தடவைக்கு மேல் போட்டு, ஒரு வட்டப் பாதையைப் பிடித்தார். செவ்வாய் எந்தத் திசையில் தெரியும் என்பது 2 நிமிஷத்துக்குள் டேலி ஆனது. ஆனால் சூரியனிலிருந்து அதன் தூரம் ஒத்துவரவில்லை. தூரத்தைச் சரி செய்தால், திசையில் 8 நிமிஷம் உதைத்தது.

டாலமி காலத்து அளவுகளில் 10 நிமிஷப் பிசகு சகஜம். அந்த அளவுகளை வைத்திருந்தால் 8 நிமிஷத்தை யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். கெப்ளரோ, டைக்கோ இவ்வளவு தப்பாக எழுதியிருக்க முடியாது, தப்பு என் வட்டத்தில்தான் என்று முடிவு செய்தார். அத்தனை நாள் உழைப்பையும் தூக்கிப் போட்டார்.

இங்கேதான் எனக்குப் பழைய ஞாபகம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், லெட்ஜர் வைத்திருந்த ஒரு கிராமத்துக் கிளையில் 18 ரூபாய் டிபரன்ஸ். கையிலிருந்து போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றேன். சீனியர் சிரித்தார். "பணத்தைப் போடலாம் தம்பி, தப்பு போகுமா?" என்கிற மாதிரி இந்தியில் ஏதோ சொன்னார். ராத்திரி பத்து மணிக்குக் கிடைத்தது: 53 என்பதை 35 என்று எழுதியிருந்தேன்.

கெப்ளருக்கு அந்தப் 'பத்து மணி' வர 1605 ஆனது. முட்டை வடிவம் உட்பட என்னென்னவோ முயன்று, கடைசியில் நீள்வட்டம். சூரியன் அதன் நடுவில் இல்லை, ஒரு பக்கம் தள்ளி. பக்கத்தில் வரும்போது கோள் வேகமாகவும், தள்ளிப் போனால் மெதுவாகவும் ஓடும். டைக்கோவின் வாரிசுகளோடு தகராறெல்லாம் முடிந்து, புத்தகம் 1609-ல் வெளிவந்தது.

ஏன் அப்படி என்பதை 1687-ல் நியூட்டன் விளக்கினார். சூரியனின் இழுப்புக்குக் கோளின் வேகமும் திசையும் அச்சாகப் பொருந்தினால்தான் வட்டம். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் நீள்வட்டம்தான்.

இதில் வேடிக்கை, செவ்வாயின் பாதையை 1 மீட்டர் நீளத்துக்கு வரைந்தால், அகலம் அதைவிட 4 மில்லிமீட்டர் சொச்சம்தான் குறையும். கண்ணுக்கு வட்டமேதான்!

அதே செவ்வாயை 2014 செப்டம்பர் 24 அன்று நம் மங்கள்யான் சுற்ற ஆரம்பித்தது. திட்ட இயக்குநர் சுப்பையா அருணன், நம்ம நெல்லை மாவட்டத்துக்காரர். அதன் பாதையைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது: கிட்டத்தில் சுமார் 420 கி.மீ., தூரத்தில் சுமார் 77,000 கி.மீ.

பெண்ணிடம் சொன்னேன்: "பரீட்சைக்கு வட்டம்னே வெச்சுக்கோம்மா, பெரிசா தப்பு வராது. ஆனா வெச்சுக்கிட்டதுதான்ங்கறத மட்டும் மறந்துடாதே."