ஒன்றரைப் பென்னி டிக்கெட்



சென்னையில் சப்வே என்றால் சாலைக்குக் கீழே நடந்துபோகும் வழி. லண்டனிலும் அப்படித்தான். நியூயார்க்கில்தான் அது ரயிலின் பெயர். லண்டன்காரர்கள் தங்கள் சுரங்க ரயிலை டியூப் என்பார்கள், குழாய்போல உருண்டையான சுரங்கத்தில் ஓடுவதால். அந்த டியூபை டிக்கெட் வாங்கிய ஜனங்கள் எப்படித் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள் என்பதுதான் இன்றைய பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

உலகின் முதல் சுரங்க ரயில் 1863 ஜனவரி 10 அன்று பொதுமக்களுக்காக ஓடத் தொடங்கியது. பாடிங்டனிலிருந்து ஃபாரிங்டன் வரை, சுமார் 6 கிலோமீட்டர். முதல் நாளே ஏறத்தாழ 38,000 பேர் ஏறினார்கள். இழுத்தது நீராவி எஞ்சின்! சுரங்கத்துக்குள் புகை எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

இந்த ரயிலுக்காகப் பல ஆண்டுகள் வாதாடியவர் சார்லஸ் பியர்சன், லண்டன் மாநகரின் வழக்கறிஞர். நெரிசலான சேரிகளில் வாழும் தொழிலாளர்கள் நகருக்கு வெளியே காற்றோட்டமாகக் குடியிருந்து, குறைந்த கட்டணத்தில் வேலைக்கு வந்து போக வேண்டும் என்பது அவர் ஆசை. ரயில் ஓடுவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1862 செப்டம்பரில் காலமாகிவிட்டார். பாதை போடுவதற்காக ஏழைகளின் வீடுகளைத்தான் நிறைய இடித்தார்கள் என்பது வேறு கதை. ஆனாலும் 1864இல் விடியற்காலைத் தொழிலாளர் ரயில் வந்தது. போக வர 3 பென்னிதான்.

1890இல் மின்சார ரயில் வந்தது. பூமிக்கு வெகு ஆழத்தில் நிலையங்கள் அமைந்தன. அந்த ஆழம்தான் ஐம்பது வருடம் கழித்து உயிர் காத்தது.

நம் பாடப்புத்தகத்தில் இரண்டாம் உலகப் போரை ஒன்றரைப் பக்கத்தில் முடித்துவிடுவோம். லண்டன் பட்ட பாடு அதில் ஒரு வரிகூட இருக்காது. 1940 செப்டம்பர் 7 முதல் எட்டு வாரங்கள் கிட்டத்தட்ட ஒவ்வொரு இரவும் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டன. ஜனங்களுக்குத் தெரிந்த பத்திரமான இடம் டியூப். அரசாங்கமோ, அங்கே தங்கக் கூடாது என்று சொல்லியிருந்தது. ரயில் ஓட்டம் தடைபடும், கீழே இறங்கியவர்கள் பயத்தில் மேலே வேலைக்கு வரமாட்டார்கள் என்பது அதிகாரிகளின் கணக்கு.

ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒன்றரைப் பென்னி கொடுத்து, இருப்பதிலேயே மலிவான டிக்கெட்டை வாங்கினார்கள். கையில் போர்வை, பாய், குழந்தை. பிளாட்பாரத்தில் இறங்கி உட்கார்ந்தார்கள். ரயில் வந்தது, போனது, அவர்கள் ஏறவில்லை. டிக்கெட் வாங்கிய பயணியை வெளியே போ என்று எப்படிச் சொல்வது! சில நாட்களிலேயே அரசாங்கம் இறங்கி வந்தது. செப்டம்பர் கடைசியில் ஒரே இரவில் 1,77,000 பேர் படுத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பிளாட்பாரத்தில் இரண்டு வெள்ளைக் கோடுகள் போட்டார்கள், விளிம்பிலிருந்து 8 அடியில் ஒன்று, 4 அடியில் ஒன்று. மாலை ஏழரை வரை 8 அடிக் கோட்டுக்குப் பின்னால்தான் படுக்கலாம், ரயிலில் போகிறவர்களுக்கு வழி வேண்டுமல்லவா? அதன்பின் 4 அடிக் கோடு வரை நகரலாம். ரயில் நின்ற பிறகு பிளாட்பாரம் முழுவதும் படுக்கை. முதலில் கழிவறைக்கு வாளிதான். பிறகு அடுக்குக் கட்டில்கள் வந்தன, தேநீரும் பலகாரமும் ஏற்றிக்கொண்டு தனி ரயிலே வந்தது. சுவிஸ் காட்டேஜ் நிலையத்தில் தங்கியவர்கள் சொந்தமாகப் பத்திரிகையே நடத்தினார்கள்!

ஆழமான இடம் எல்லாமே பத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். 1940 அக்டோபர் 14 இரவு பாலம் நிலையத்துக்கு மேலே சாலையில் குண்டு விழுந்து, குழாய்கள் உடைந்து, தண்ணீரும் மண்ணும் உள்ளே புகுந்தன. அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அதைவிடக் கொடுமை பெத்னல் கிரீன். பாதி கட்டிய நிலையம், ரயிலே வராத இடம். கட்டில்களும் நூலகமும் வைத்து ஆயிரக்கணக்கானோர் தங்கினார்கள். 1943 மார்ச் 3 இரவு சங்கு ஊதியது. பக்கத்துப் பூங்காவில் புதுவகை விமான எதிர்ப்பு ராக்கெட்டுகள் வெடித்த சத்தத்தைக் குண்டு என்று நினைத்து எல்லோரும் விரைந்தார்கள். வாசல் ஒன்றே ஒன்று. மங்கலான ஒற்றை விளக்கு, நடுவில் கைப்பிடி கிடையாது, மழையில் நனைந்த படிகள். கீழ்ப்படிக்கட்டில் ஒரு பெண் தடுக்கி விழ, மேலே இருந்தவர்கள் ஒருவர் மீது ஒருவர் சரிந்தார்கள். 173 பேர் இறந்தார்கள், அதில் 62 பேர் குழந்தைகள். அன்று அங்கே ஒரு குண்டுகூட விழவில்லை.

எனக்குக் கோபம் வருவது இதற்கு அடுத்துதான். வாசலைச் சீரமைக்க வேண்டும் என்று உள்ளூர் நிர்வாகம் 1941இலேயே கேட்டிருந்தது, அனுமதி கிடைக்கவில்லை. விபத்து நடந்தபின் கைப்பிடிகள் வந்தன. விசாரணை அறிக்கையை 1945 வரை வெளியே விடவில்லை. அந்த நிலையத்தில் ரயில் ஓடத் தொடங்கியதே 1946 டிசம்பரில்தான்.

அந்த வாசலுக்குப் பக்கத்தில் தலைகீழான படிக்கட்டு வடிவில் நினைவுச் சின்னம் எழுப்பியிருக்கிறார்கள், இறந்தவர்களின் பெயர்களோடு. 2017இல்தான் வேலை முடிந்தது. லண்டனில் இருக்கும் நம் பிள்ளைகள் யாராவது சென்ட்ரல் லைனில் போனால், பெத்னல் கிரீனில் இறங்கி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். படிகளில் கைப்பிடி எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்து எடுங்கள்.