நகர்ச்சியை அளக்கும் கம்பி

மும்பையிலிருந்து புனே செல்லும் இருப்புப் பாதை சஹ்யாத்திரி மலையை ஏறிக் கடந்து மேட்டுநிலத்தில் ஓடும்போது, புனே நகருக்கு முன்பாகத் தேஹு ரோடு என்னும் நிலையம் வருகிறது. இராணுவப் படைக்கலக் கிடங்கினால் பெயர்பெற்ற ஊர் இது. வடக்கே சில கல் தொலைவில், துக்காராம் சுவாமிகள் வாழ்ந்த தேஹு கிராமத்தைத் தழுவி இந்திராயணி ஆறு ஓடுகிறது. தெற்கே பவனா ஆறு. இரண்டும் மேற்கு மலையில் பிறந்தவை. ஆடி மாதத்து மழையில் கரை புரள்பவை. அம்மலைச் சரிவின் ஆறுகள் பலவற்றின் குறுக்கே இருபதாம் நூற்றாண்டில் அணைகள் எழுந்தன. அணைகளால் வயல்கள் விளைந்தன. நகரங்கள் குடிநீர் பெற்றன. அதே வேளையில், ஆற்றோரம் வாழும் மக்களுக்கு ஒரு கேள்வி உயிர்க் கேள்வியாயிற்று. மேலே நிற்கும் அணை நின்ற இடத்திலேயே நிற்கிறதா, அன்றி நகர்கிறதா?

இக்கேள்வியின் கடுமையைப் புனே மக்கள் 1961 ஆம் ஆண்டு அறிந்தனர். நகருக்குத் தென்மேற்கே அம்பி ஆற்றின்மீது பான்ஷேத் மண்ணணை கட்டப்பட்டு வந்தது. வேலை முற்றும் நிறைவடையாத நிலையில் அவ்வாண்டுப் பருவமழை வலுத்தது. நீர்மட்டம் விரைந்து உயர்ந்தது. நீர் வெளியேறும் மதகுப் பாதையின் மேலே அணையின் உடலில் விரிசல்கள் கண்டன. அணையின் முடி அமிழத் தொடங்கியது. இரண்டரை மணி நேரத்தில் ஏறத்தாழ 1.4 மீட்டர் அமிழ்ந்தது என்றும், அணை முடிக்கும் நீர்மட்டத்திற்கும் இடையே 0.6 மீட்டரே எஞ்சியது என்றும் பின்னாளில் மதிப்பிட்டனர். படைவீரர்கள் மணல் மூட்டைகளை அடுக்கி இரவெல்லாம் போராடினர். ஜூலை 12 காலையில் அணை உடைந்தது. அவ்வெள்ளம் தாக்கியதில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய கடக்வாஸ்லா அணையும் அன்றே உடைந்தது. முத்தா நதிக்கரையிலிருந்த புனேயின் பழைய பேட்டைகள் நீரில் மூழ்கின.

சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம். இரண்டரை மணியில் 1.4 மீட்டர் என்றால், நிமிடத்திற்கு ஒன்பது மில்லிமீட்டருக்கும் மேல். இவ்வளவு விரைவான நகர்ச்சியைக் காண எந்தக் கருவியும் வேண்டியதில்லை, கண்ணே போதும். ஆனால் கண்ணுக்குப் புலப்படும் வேளையில் காலம் கடந்துவிடுகிறது. மண்ணும் கல்லும் பெரும்பாலும் ஒரே நாளில் பெயர்ந்துவிடுவதில்லை. முதலில் மயிரிழையளவு அசையும், பின்னர் விரலளவு, கடைசியில்தான் ஆளளவு. அந்த மயிரிழையைக் கண்டு சொல்லும் கருவியே மக்களுக்கு வேண்டுவது.

அத்தகைய கருவிகளுள் எளிமையான ஒன்றன் வரலாறு ஒரு பௌதிக ஆய்வுக்கூடத்தில் தொடங்குகிறது. 1841 ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் யோஹான் கிறிஸ்டியன் போகண்டார்ஃப் என்பவர், ஒரு மின்கலத்தின் மின்னழுத்தத்தை அதிலிருந்து மின்னோட்டம் எடுக்காமலே அறிவதற்கு ஒரு வழி கண்டார். தெரிந்த மின்னழுத்தத்தைக் கொண்டு தெரியாத மின்னழுத்தத்தைச் சமன்செய்வதே அவ்வழி. இதிலிருந்து வளர்ந்ததே மின்னழுத்தமானி என்று நாம் பாடப்புத்தகங்களில் படித்த கருவி. மரப்பலகைமீது ஒரே சீரான கம்பி நீண்டு கிடக்கும். அதன் இரு முனைகளுக்கும் மின்சாரம் கொடுத்துத் தொடுசாவியை மெல்ல நகர்த்துவோம். மானியின் முள் அசையாமல் நிற்கும் இடத்தைக் கண்டு, அதுவரையுள்ள கம்பியின் நீளத்தை அளவுகோலில் படிப்போம். நீளத்தைக் கொண்டு மின்னழுத்தம் கிடைத்துவிடும்.

இதைத் தலைகீழாக நினைத்துப் பாருங்கள். நீளம் தெரிந்தால் மின்னழுத்தம் தெரியும் என்றால், மின்னழுத்தம் தெரிந்தால் நீளமும் தெரியவேண்டுமல்லவா? தொடுசாவியை நாம் நகர்த்தாமல், நகரும் பொருளோடு அதைப் பிணைத்துவிட்டால், அப்பொருள் எங்கே நிற்கிறது என்பதை மின்சாரமே நமக்குச் சொல்லிவிடும். கேள்வியும் விடையும் இடம் மாறிக்கொண்டன. கருவியின் பெயர் மின்னழுத்தமானியாகவே நிலைத்தது. தொழிலோ நீளத்தை அளப்பதாயிற்று. நேர்கோட்டு மின்னழுத்தமானி என்று இன்று வழங்குவது இதுவே.

இதன் கணக்கு மிக எளிது. நூறு மில்லிமீட்டர் நீளமுள்ள மின்தடைப் பட்டையின் இரு முனைகளுக்கிடையே 5 வோல்ட் கொடுத்ததாகக் கொள்வோம். நகரும் தொடுமுனை நடுவில் நின்றால் 2.5 வோல்ட் காட்டும். அங்கிருந்து ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் 0.05 வோல்ட் மாறும். மின்சாரம் சற்று ஏறி இறங்கினாலும் கவலையில்லை. மொத்த அழுத்தத்தில் எத்தனை பங்கு என்று பார்த்தால் விடை மாறுவதில்லை.

வானொலி நேயர்களுக்கு இக்கருவி புதியதன்று. பழைய வானொலிப் பெட்டியில் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் திருப்பிய குமிழின் பின்னால் இருந்தது வட்டமாக வளைத்த மின்னழுத்தமானியே. இரண்டாம் உலகப் போரின்போது, ராடார் கருவிகளிலும் பீரங்கியைக் குறிவைக்கும் பொறிகளிலும் ஒரு பகுதி எங்கே நிற்கிறது என்பதை மற்றொரு பகுதிக்கு அறிவிக்க இவ்வகைக் கருவிகள் பெருமளவில் பயன்பட்டன. அமெரிக்க விஞ்ஞானி ஆர்னால்டு பெக்மன் வேதியியல் கருவி ஒன்றுக்காகச் செய்த திருகுச்சுருள் மின்னழுத்தமானி ராடாருக்கும் உதவிற்று. தொடக்கத்தில் இவற்றில் கம்பிச் சுருள்களே இருந்தன. தொடுமுனை ஒரு சுற்றிலிருந்து அடுத்த சுற்றுக்குத் தாவும்போது அளவும் படிப்படியாகத் தாவும். பின்னர் மின்கடத்தும் பிளாஸ்டிக் பட்டைகள் வந்தன. தாவல் நீங்கி அளவு வழுக்கிச் செல்லலாயிற்று.

அணையிலும் மலைச்சரிவிலும் இது எவ்வாறு உதவுகிறது? ஒரு விரிசலின் ஒரு கரையில் கருவியின் உடலையும் மறுகரையில் அதன் தண்டையும் பொருத்திவிட்டால், விரிசல் அகல்வதும் சுருங்குவதும் எண்ணாகப் பதிவாகும். ஆழமாகத் துளையிட்டு, அடியில் ஒரு தண்டைச் சிமெண்டால் இறுக்கி, அதன் தலையையும் துளையின் வாயையும் ஒப்பிட்டால், நிலம் எவ்வளவு அமிழ்ந்தது என்பது தெரியும். ஆளில்லாத இரவிலும் அடைமழையிலும் கம்பி வழியே செய்தி வந்துகொண்டிருக்கும்.

விரிசலைக் கண்காணிப்பது எத்துணை இன்றியமையாதது என்பதைக் கொய்னா அணை உணர்த்தியது. 1967 டிசம்பர் 11 விடியற்காலையில் அங்கு நேர்ந்த நிலநடுக்கத்தில், 103 மீட்டர் உயரமுள்ள அவ்வணை விரிசல் கண்டது, ஆயினும் உடையவில்லை. அணைக்குள்ளிருந்த கருவி பதிவு செய்த அதிர்வை உலகெங்கும் பொறியியலாளர் இன்றும் ஆராய்கின்றனர். அப்பதிவு இல்லாதிருப்பின், அணை எத்தகைய அதிர்ச்சியைத் தாங்கிற்று என்பது வெறும் ஊகமாகவே நின்றிருக்கும். பின்னர் அணைக்கு முட்டுக் கொடுத்து வலுவூட்டினர்.

மின்னழுத்தமானிக்குக் குறைகளும் உண்டு. பட்டையை முனை உரசுவதால் நாளடைவில் தேய்மானம் ஏற்படும். தூசும் ஈரமும் அதன் பகைவர்கள். ஆகவே நெடுங்காலம் புதைந்து கிடக்கவேண்டிய இடங்களில், உரசலே இல்லாத அதிர்கம்பிக் கருவிகளையும் மின்காந்தக் கருவிகளையும் விரும்புவர். ஒரே கருவியை நம்பாமல் பல கருவிகளின் சாட்சியை ஒப்பிடுவதே அறிவுடைமை.

புனேயை அடுத்த கடக்வாஸ்லாவில், 1916 இல் தோன்றிய மத்திய நீர் மற்றும் மின்சக்தி ஆராய்ச்சி நிலையம் அணைகளின் நலத்தை ஆராய்ந்து வருகிறது. 2021 ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம், குறிப்பிட்ட அணைகளில் அளவுக் கருவிகளைப் பொருத்துவதையும் அவற்றின் பதிவுகளைப் பேணுவதையும் அணை உடையவர்களின் கடமையாக்கியிருக்கிறது. பான்ஷேத் உடைந்து அறுபது ஆண்டுகள் கழித்து வந்த சட்டம் இது.

கருவி அணையைத் தாங்கிப் பிடிக்காது, வெள்ளத்தையும் தடுக்காது. அது தருவது ஒன்றே ஒன்று: அவகாசம். அந்த அவகாசத்தைப் பயன்படுத்த, காட்டும் எண்ணை நாள்தோறும் படிப்பவர் ஒருவர் வேண்டும். அவர் சொல்லைக் கேட்டு ஊரை எழுப்புவோரும் வேண்டும். ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தது என்னும் செய்தியை அற்பமென்று ஒதுக்காத சமுதாயமே ஆற்றங்கரையில் அச்சமின்றி உறங்க முடியும்.