கடல் ஏறும்போது பறவைகள் எங்கே போகும்? நவி மும்பை குளம் ஒன்றின் கதை

சனிக்கிழமை லீவு. பைனாகுலரை எடுத்துக்கொண்டு ஹார்பர் லைன் ரயிலில் மும்பையின் சிவ்ரி ஸ்டேஷனில் இறங்குகிறீர்கள். கரைக்குப் போனால் கண்ணுக்கு எட்டியவரை தண்ணீர்தான். பூநாரை ஒன்றுகூட இல்லை. 'சீசன் முடிஞ்சிருச்சு போல' என்று திரும்பிவிடாதீர்கள். பறவை பார்க்கப் போகிறவர்கள் காலண்டரோடு கடல் ஓத அட்டவணையையும் பார்க்க வேண்டும்.

ஓதம் பார்த்துப் போவது ஏன்?

மும்பையில் கடல் நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டு முறை ஏறி, இரண்டு முறை இறங்கும். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே சுமார் 6 மணி நேரம். இந்த நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஒரு வாரத்துக்குக் கூட்டிப் பாருங்கள், கிட்டத்தட்ட 6 மணி நேரம். அதாவது, போன சனிக்கிழமை காலை 7 மணிக்குச் சேறு தெரிந்த அதே இடத்தில், இந்த சனிக்கிழமை 7 மணிக்குக் கடல் நிற்கும்!

சேறுதான் இந்தப் பறவைகளின் சாப்பாட்டு மேசை. தானே கிரீக் எனப்படும் கழிமுகத்தில் தண்ணீர் இறங்கியதும் புழு, நண்டுக்குஞ்சு, நத்தை எல்லாம் எட்டும் தூரத்துக்கு வந்துவிடும். பூநாரை அலகைத் தலைகீழாக நீரில் வைத்து நுண்பாசிகளை வடிகட்டித் தின்னும். அதன் இளஞ்சிவப்பு நிறமே இந்த உணவிலிருந்து வருவதுதான்.

கடல் ஏறினால் எங்கே போகும்?

இங்கேதான் குளம் முக்கியமாகிறது. சேறு மூழ்கிய அந்தச் சில மணி நேரம் பறவைகளுக்கு ஆழமில்லாத, தொந்தரவில்லாத ஓர் இடம் வேண்டும். நின்று ஓய்வெடுக்க, இறகு கோத, தூங்க. கழிமுகத்தின் கிழக்குக் கரையில், நவி மும்பை நெருலில் உள்ள டிபிஎஸ் ஏரி அப்படி ஓர் இடம். பக்கத்தில் இருக்கும் பள்ளியால் வந்த பெயர் அது. பரப்பு சுமார் 30 ஏக்கர்தான்.

மேப்பில் பார்த்தால், 'இவ்வளவு பெரிய கழிமுகம் இருக்கும்போது இந்தக் குட்டிக் குளம் எதற்கு?' என்று தோன்றும். ஆனால் இரண்டும் ஒரே வீட்டின் சமையலறையும் படுக்கையறையும் மாதிரி. ஒன்றைப் பூட்டினால் இன்னொன்றும் பாதி பயனற்றுப்போகும்.

குளத்துக்கு என்ன ஆனது?

தானே கிரீக்கின் ஒரு பகுதி 2015-ல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. ஆனால் டிபிஎஸ் ஏரி சரணாலய எல்லைக்கு வெளியே இருந்தது. கடல்நீர் உள்ளே வரும் வழிகள் அடைபட்டதால் 2024-ல் ஏரி வறண்டது. பூநாரைகள் இறந்துகிடந்த செய்திகளும் வந்தன. அதன் பிறகு மாநில அரசு ஒரு குழுவை அமைத்தது. 2025 ஏப்ரலில், ஏரியைப் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கும் திட்டத்துக்கு மகாராஷ்டிர மாநில வனவிலங்கு வாரியம் ஒப்புதல் தந்தது.

ஆனால் எல்லைக்கோடு மட்டும் போதாது. ஓதம் ஏறும்போது தண்ணீர் உள்ளே வர வேண்டும், இறங்கும்போது வெளியே போக வேண்டும். அந்த வழி திறந்திருக்கிறதா என்பதுதான் தொடர்ந்து கேட்க வேண்டிய கேள்வி.

எப்போது, எப்படிப் பார்க்கலாம்?

நவம்பர் முதல் மே வரை பூநாரைக் காலம். கடல் ஏறிய நேரத்தில் நெருல் ஏரி (சீவுட்ஸ்–தாராவே ஸ்டேஷன் பக்கம்), இறங்கும் நேரத்தில் சிவ்ரி. ஓதம் இறங்க ஆரம்பித்த முதல் ஒன்றிரண்டு மணி நேரம் நல்லது. முழுதாக வற்றிவிட்டால் பறவைகள் தூரமாகப் போய்விடும், பைனாகுலரில் புள்ளிகளாகத்தான் தெரியும்.

பூநாரையோடு நின்றுவிடாதீர்கள். கருவால் மூக்கன், சிட்டுக்குருவி அளவே உள்ள கொசு உள்ளான் எல்லாம் வடக்கே வெகுதொலைவிலிருந்து வலசை வருபவை. கொசு உள்ளான் முட்டையிடுவது ஆர்க்டிக் பகுதியில்!

மேயும் பறவைகள் தலையைத் தூக்கி உங்களைப் பார்க்க ஆரம்பித்தால் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். இரண்டடி பின்னால் வாருங்கள். போட்டோவுக்காகக் கூட்டத்தைப் பறக்கவிடுவதும் ட்ரோன் விடுவதும் வேண்டாம். வலசைக்குச் சேர்த்துவைத்த கொழுப்பை அவை வீணாகச் செலவழிக்க வேண்டியிருக்கும்.

உங்கள் பட்டியலுக்கு மதிப்பு உண்டா?

உண்டு. 'இந்தியப் பறவைகளின் நிலை 2023' அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது. அதற்கான தரவு 30,000-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் ஈபேர்டு தளத்தில் பதிந்த பட்டியல்கள். நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 60 சதவீதம் குறைந்துவந்திருப்பது அப்படித்தான் தெரியவந்தது. பொங்கலையொட்டித் தமிழ்நாட்டில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பும் இதே தளத்தில்தான் பதிவாகிறது.

அரிய பறவையைப் பார்த்த நாளில் மட்டும் பதியாதீர்கள். பார்த்த அத்தனை இனங்களையும் எண்ணிக்கையோடு, நேரத்தோடு பதியுங்கள். பூநாரையே இல்லாத முழுப் பட்டியலும் ஒரு தரவுதான். கடல் ஏறிய நேரத்தில் அந்தக் குளம் காலியாக இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.