சிங்ஹாவ்: ஒரு பெயரும் இரு செடிகளும்

சீனத்தின் தரிசுநிலங்களில் தானே முளைக்கும் சிங்ஹாவ் என்னும் மணப்பூண்டு, மருத்துவச் சுவடியில் முதலில் தோன்றுவது காய்ச்சலுக்காக அன்று. கி.மு. 168இல் மூடப்பெற்ற மாவாங்துயி கல்லறையின் பட்டுச்சுவடி அதனை மூலநோய்க்கே கூறுகிறது. முறைக்காய்ச்சலுக்கு அதனை விதித்தவர் கி.பி. 4ஆம் நூற்றாண்டினரான கே ஹோங். கைப்பிடியளவு செடியை இரண்டு ஷெங் நீரில் ஊறவைத்துப் பிழிந்து, சாறு முழுவதையும் அருந்தவேண்டும் என்பது அவர் முறை. கொதிக்கவைத்துக் கஷாயமாக்கும் பொதுவழக்கினின்று இது விலகுகிறது. 1971இல் தூ யூயூ குறைந்த வெப்பத்தில் ஈதர்கொண்டு சாரம் பிரித்தமைக்கு இவ்விலகலே தூண்டுதலாயிற்று.

சிக்கல் பெயரில் உள்ளது. 11ஆம் நூற்றாண்டிலேயே ஷென் குவோ, சிங்ஹாவில் இருவகை உண்டெனவும், ஏனையவை மஞ்சளாகும் பருவத்திலும் ஒன்று பசுமை மாறாதெனவும் குறித்தார். 1596இல் அச்சேறிய லி ஷிசென்னின் 'பென்சாவ் காங்மு', மஞ்சட்பூச் செடியான ஹுவாங்ஹுவாஹாவைத் தனிப்பதிவாக்கி, கே ஹோங்கின் மருந்தைச் சிங்ஹாவின்கீழ் வைத்தது. ஆயின் மலேரியாவைத் தணிக்கும் ஆர்ட்டெமிசினின் கிடைப்பது மஞ்சட்பூச் செடியாகிய ஆர்ட்டெமிசியா அன்னுவாவில். சிங்ஹாவ் எனப் பின்னாளில் அடையாளங்காணப்பட்ட ஆர்ட்டெமிசியா ஏபியேசியாவில் அது இல்லை. கே ஹோங் காலத்தில் அப்பெயர் இரண்டையும் சுட்டியது எனக் கொள்வதே பொருந்தும். ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்குப் பிந்திய வகைப்பாட்டை அவர்மேல் ஏற்றுதல் முறையன்று.